யாழாய்வு: எண்ணுவதா? எழுப்புவதா?

தமிழரின் செவியை விட்டு யாழ் அகன்று பன்னூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. தமிழரின் ஆய்வேடுகளை விட்டோ அஃது இன்னும் அகலவில்லை. தமிழ்த்துறையிலும் இசைத்துறையிலும் பட்டத்திற்கெனப் பொருள் தேடும் மாணவர் கண்ணில் யாழ் படாமற் போவதில்லை. பெயரோ இனியது, பழமையோ பெரிது, சான்றுகளோ கழக இலக்கியமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே தலைப்பு எளிதில் அமைந்துவிடுகிறது. ஏடு எளிதில் நிறைந்துவிடுகிறது. பட்டமும் எளிதில் வந்துவிடுகிறது. வாராதது ஒன்றே ஒன்று: யாழின் ஒலி!

இஃது ஏன் என்று வினவுவார் உளரா? ஆய்வின் முடிவு ஆய்வுப் பொருளைத் தெரிந்தெடுக்கும் அன்றே பாதி முடிவு பெற்றுவிடுகிறது. விதை சொத்தையாயின் உழவன் எத்துணை நீர் பாய்ச்சினும் பயன் என்னை? யாழ் பற்றிய ஆய்வில் தமிழ்நாடு அறுவடை காணாமைக்கு மாணவரின் சோம்பல் கரணியமன்று. அவர் கையில் கொடுக்கப்படும் விதையே கரணியம்.

எண்ணிக்கை ஆய்வாகாது

இன்ன நூலில் யாழ் என்று தலைப்பிட்டு, அந்நூலில் யாழ் என்னும் சொல் வருமிடமெல்லாம் தொகுத்து, அடிகளை எடுத்தெழுதி, உரையாசிரியர் கூறியதைக் கீழே சேர்த்து, இறுதியில் பண்டைத் தமிழர் இசையிற் சிறந்து விளங்கினர் என்று முடிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இம்முடிவைக் காண ஐந்தாண்டு ஆய்வு வேண்டுமோ? ஆய்வைத் தொடங்குமுன்னரே அறிந்திருந்த ஒன்றை, ஆய்ந்து கண்டது போல் எழுதுவது அறிவுக்கும் இழுக்கு, யாழுக்கும் இழுக்கு.

நல்ல ஆய்வுப் பொருளுக்கு ஓர் உரைகல் உண்டு. அதனுள் ஒரு வினா இருத்தல் வேண்டும். அவ்வினாவிற்கு ஆம் என்றும் விடை வரலாம். அன்று என்றும் விடை வரலாம். எவ்விடை வரும் என்பது தொடங்கும்போது தெரியாதிருத்தல் வேண்டும். யாழ் என்னும் சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்பது எண்ணிக்கை. அந்த யாழின் மருப்பில் கட்டிய திவவு நரம்பை எவ்வாறு இறுக்கியது என்பது வினா. முன்னதற்கு அட்டவணை போதும்; பின்னதற்கு மரமும் தோலும் நரம்பும் கையும் செவியும் வேண்டும்.

இன்னொரு குறை இதனினும் பெரிது. தமிழ்த்துறை மாணவர்க்கு நூல் தெரியும், நரம்பு தெரியாது. இசைத்துறை மாணவர்க்கு நரம்பு தெரியும், நூல் தெரியாது. இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருந்தும் இடையே எழுந்துள்ள சுவர் இடிந்தபாடில்லை. யாழோ அச்சுவரின் மேலே கிடந்து வெயிலிற் காய்கிறது!

யாழ் வீணையாயிற்றா?

இவ்வேடுகளிற் பலவற்றில் பிழையொன்று வழிவழியாகப் படியெடுக்கப்படுகிறது. யாழே வளர்ந்து வீணையாயிற்று என்பதே அது. கருவியின் கட்டமைப்பை ஒருமுறை கண்ணால் நோக்கியவர் இதனைச் சொல்லார். யாழில் நரம்புகள் பத்தரின் மேற்பரப்பினின்று எழுந்து மருப்பை நோக்கிச் செல்லும். நரம்பு ஒன்றுக்கு ஒலி ஒன்று. இன்றைய வீணையிலோ நரம்புகள் தண்டின் மேல் நெடுகக் கிடக்கும். ஒரே நரம்பை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல ஒலிகளை எழுப்புவர். ஒன்று வில்லின் வழி வந்தது. மற்றொன்று தண்டின் வழி வந்தது. மகள் தாயாக வளர்வாள். மான் மயிலாக வளருமோ?

பழைய வடமொழி நூல்களில் வீணை என்னும் பெயர் வில்வடிவக் கருவியையும் குறித்தது. அமராவதிப் புடைப்போவியங்களிலும் சமுத்திரகுப்தன் பொற்காசுகளிலும் காணப்படுவது அவ்வில்வடிவக் கருவியே. பெயர் நின்றது, பொருள் மாறிற்று. தமிழிலோ மணிவாசகர் திருப்பள்ளியெழுச்சியில் வீணையரையும் யாழினரையும் வேறு வேறாகவே கூறினார். பின்வந்த சீவக சிந்தாமணியில் இரு சொற்களும் கலந்து வழங்குகின்றன. ஈண்டு ஒரு கருவி வளர்ந்து மற்றொன்றாகவில்லை. ஒரு கருவி இருந்த இருக்கையில் மற்றொரு கருவி அமர்ந்தது. இருக்கை பறிபோனது எப்போது? யாரால்? எதனால்? இவ்வினாவைக் கேட்கவொட்டாமல் தடுப்பதே அந்த 'வளர்ச்சி' என்னும் இனிய பொய்.

இனத்தின் பெயரால் முழங்குவோரிடத்தும் குறை இல்லாமலில்லை. யாழ் எம்முடையது, உலகில் வேறு எவர்க்கும் இல்லாதது என்று மேடைதோறும் முழங்குவது எளிது. ஆனால் எகிப்திலும் சுமேரியாவிலும் வில்யாழ் இருந்தது. மியான்மாவில் சௌங் என்னும் பெயரால் இன்றும் இருக்கிறது. கோண்டு மக்களின் பாணராகிய பர்தான்கள் நடு இந்தியாவில் வில்யாழ் வகையொன்றை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மீட்டிப் பாடிவந்தனர். இவ்வுண்மை தமிழுக்கு இழிவன்று; மாறாகத் துணை. கோண்டி மொழி தமிழின் இனமொழி. தமிழ்நாட்டில் பாணரும் யாழும் அழிந்தொழிந்த பின்னும், இனமொழி பேசும் மக்களிடையே பாணர் குடியொன்று வில்யாழோடு வாழ்ந்ததெனில், அதனைத் தேடிச் செல்லும் முதல் ஆய்வர் தமிழராக அன்றோ இருந்திருக்க வேண்டும்? மார்தட்டிய கை, மூட்டை கட்டிக்கொண்டு புறப்படவில்லையே!

வழி காட்டியோர்

வழியறியாமல் தவிக்க வேண்டிய நிலையிலும் தமிழர் இல்லை. தஞ்சையில் மருத்துவராய் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், எப்பல்கலைக்கழகமும் தலைப்புத் தராமலே, அலகுகள் 22 என்னும் கொள்கையை எதிர்த்துக் கணக்கிட்டார். 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் தம் கொள்கையை அறிஞர்முன் வைத்தார். 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வினா. அதற்கு அவர் கண்ட விடையை மறுப்போர் இன்றும் உளர். மறுக்கத்தக்க அளவிற்குத் தெளிவாகச் சொன்னதே அவர்தம் பெருமை.

ஈழத்தில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியல் பட்டம் பெற்றவர், கணக்கில் வல்லவர், தமிழில் தோய்ந்தவர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். சிலம்பின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் ஒரு கையிலும் நரம்பின் நீளக் கணக்கை மறு கையிலும் ஏந்தினார். யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல் என இயல் பகுத்து அவர் ஆக்கிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். அந்நூல் முற்றுப்புள்ளியாக எழுதப்பட்டதன்று. தொடக்கப் புள்ளியாக வைக்கப்பட்டது. அதனை மேற்கோளாக எடுத்தாளாத யாழாய்வேடு அரிது. அதன் கணக்கைத் தாமே போட்டுச் சரிபார்த்த ஏடோ அதனினும் அரிது!

பின்வந்த எசு. இராமநாதன் சிலப்பதிகார இசையைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டு, செம்பாலை இன்றைய அரிகாம்போதியே என நிறுவ முனைந்தார். வீ.ப.கா. சுந்தரம் தமிழிசைக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தளித்தார். குரல் என்னும் நரம்பு இன்றைய ஏழில் எதற்கு நேர் என்பதில் அறிஞரிடையே ஒருமை இல்லை. ஒருமை இல்லாத இடமே ஆய்வுக்குரிய இடம். அவ்விடத்தை விட்டு ஒதுங்கி, எல்லாரும் ஒப்புக்கொண்ட இடத்திலேயே குடிசை போடுவது அறிவுக் கோழைமை.

பிறர் தம் யாழை எடுத்த விதம்

மண்ணுக்குள் மட்கிப்போன தம் நரம்புக் கருவிகளைப் பிறர் எவ்வாறு எடுத்தனர்? 1920களில் சுமேரியரின் 'ஊர்' என்னும் பழநகரை அகழ்ந்த இலியோனார்டு வூலி, கருவியின் மரம் முற்றும் மட்கி வெறும் துளையாக நின்றதைக் கண்டார். அத்துளைக்குள் சுண்ணச்சாந்தைக் குழைத்து ஊற்றினார். சாந்து இறுகியதும் மட்கிய மரத்தின் வடிவம் கைக்கு வந்தது. இல்லாத பொருளின் வெற்றிடத்தையே அச்சாகக் கொண்டு பொருளை மீட்ட செயல் அது!

அதே நிலத்தின் களிமண் பலகைகளில் நரம்பு கூட்டும் முறை எழுதப்பட்டிருந்தது. 1960களில் அறிஞர் அதனைப் படித்தறிந்தனர். ஏழு வகைக் கூட்டங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நரம்பை மட்டும் மாற்றி அடுத்த கூட்டத்தை அடைதல். சிலம்பின் ஏழ்பெரும்பாலையைக் கற்ற தமிழர் இதனைப் படிக்கையில் மெய்சிலிர்ப்பர்! உகாரிட்டு என்னும் பழநகரில் கிடைத்த ஏறத்தாழ 3400 ஆண்டுப் பழமையான பாடலொன்றைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மூவர் எடுத்துக்கொண்டனர். ஆன் கில்மர் பலகையின் மொழியைப் படித்தார். இரிச்சர்டு கிராக்கர் இசையை வகுத்தார். இயற்பியலாளர் இராபர்ட்டு பிரௌன் கருவியைச் செய்தார். 1976-இல் அவ்விசை ஒலித்தட்டாக வெளிவந்தது. வேறு அறிஞர் அப்பாடலை வேறு வகையாகப் படித்து மறுத்தனர். மறுத்தோரும் இசைத்தே காட்டினர்.

மொழியறிஞர், இசையறிஞர், கருவி செய்வோர் ஆகிய மூவர் ஒரு வினாவின் முன் அமர்ந்தனர். தமிழ்நாட்டில் இம்மூவரையும் ஒரு மேசையில் அமர்த்திய யாழாய்வு எத்துணை?

எடுக்கத்தக்க பொருள்கள்

ஆகவே ஆய்வுப் பொருள் தேடும் இளைஞர் முன் வைக்கத்தக்கவை சில உள.

முதலாவது, யாழின் உடல். பொருநராற்றுப்படை யாழை அடிமுதல் முடிவரை வரைந்து காட்டுகிறது. மானின் குளம்படி போல் நடுவுயர்ந்து இரு பக்கமும் தாழ்ந்த பத்தர். விளக்குச் சுடரின் நிறத்ததாய் இழுத்துப் போர்த்த தோல். நண்டின் கண் போன்ற ஆணிகள். படமெடுத்த பாம்பென நிமிர்ந்த கரிய மருப்பு. கரியவளின் முன்கையில் அடுக்கிய வளை போன்ற திவவு. இவ்வுவமைகளை அணிநயம் என்று மட்டும் படித்துப் பாராட்டிச் செல்வது வழக்கம். கைவினைஞன் கண்ணுக்கு அவை அளவுக் குறிப்புகள்! மியான்மாவின் சௌங்கில் மருப்பைச் சுற்றிக் கட்டிய கயிறுகளை நகர்த்தியும் முறுக்கியுமே நெடுங்காலம் நரம்பு கூட்டினர். வளையடுக்குப் போன்ற திவவும் அவ்வாறே வேலை செய்ததா? இதற்கு நூலகம் விடை தராது. பட்டறையே விடை தரும். சிந்தாமணியில் சீவகன் யாழ்களைக் குறை கூறி ஒதுக்குமிடத்தில் மரத்தின் குற்றங்களும் நரம்பின் குற்றங்களும் வருகின்றன. நீரில் நின்ற மரம், இடி வீழ்ந்த மரம் எனப்படும் அக்குற்றங்கள் ஒலியை உண்மையில் கெடுக்குமா? இக்காலத்து ஒலியளவைக் கருவி கொண்டு ஆய்ந்தால் திருத்தக்கதேவர் கூற்றின் மெய்மை வெளிப்படும்.

இரண்டாவது, யாழின் கணக்கு. பேரியாழ்க்கு 21, மகரயாழ்க்கு 19, சகோடயாழ்க்கு 14, செங்கோட்டியாழ்க்கு 7 என நரம்புகளின் தொகை உரைவழி வருகிறது. தாரத்தில் உழையும், உழையில் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியில் கைக்கிளையும் பிறக்கும் என்பது பழைய முறை. அஃதாவது நரம்பின் மூன்றிலிரு பங்கில் எழும் ஒலியை அடுத்தடுத்துக் கொள்ளும் முறை. இம்முறையில் ஏழோடு நில்லாது 12 படி சென்று தொடங்கிய இடத்தை அடையப் புகுந்தால், ஒலி ஏறத்தாழ 129.75 மடங்காகும். ஏழு முறை இரட்டித்தாலோ 128 மடங்கே. இடையில் நூற்றுக்கு 1.36 பங்கு அளவு பிசகு நிற்கும். பன்னிரு வீடுகளை வட்டமாக வைத்து வட்டப்பாலை வகுத்த தமிழர் இப்பிசகை எந்நரம்பில் ஒளித்தனர்? செவியால் பகிர்ந்தனரா? பண்ணுக்கேற்ப விடுத்தனரா? யாழுக்கு நரம்பு தோறும் ஒலி நிலைத்தது. ஆகவே பாணன் இதற்கு விடை கண்டே தீர்ந்திருப்பான். அவ்விடையைக் காண்பது ஒரு வாழ்நாளுக்குரிய பொருள்.

இராமநாதன் கொண்ட முறைப்படி, செம்பாலைக்குக் கூட்டிய யாழில் தாரத்தை மட்டும் அரைநிலை வலித்தால் அரும்பாலை பிறக்கும். கைக்கிளையை மட்டும் அரைநிலை மெலித்தால் கோடிப்பாலை பிறக்கும். இன்று சங்கராபரணம் என்றும் கரகரப்பிரியா என்றும் பெயர் மாற்றி வழங்குவன இவையே. பெயரை மீட்பதற்கு வெறும் முழக்கம் போதாது. யாழில் கூட்டிக் காட்டினால் பெயர் தானே மீளும்.

மூன்றாவது, யாழின் இறப்பு. திருஞானசம்பந்தரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஊர்தொறும் சென்றார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகத்தை யாழில் அடக்க இயலாமல், பாணர் தம் யாழையே உடைக்க ஓங்கினார் என்பது பெரியபுராணச் செய்தி. அப்பண்ணுக்கு யாழ்முரி என்றே பெயர் நின்றது. இதனை அருட்செயலாகப் போற்றுவார் போற்றுக. இசையாய்வர் கேட்க வேண்டியது வேறு: மிடற்றில் எழும் அசைவுகளை நரம்புக்கு ஓரொலியே உடைய கருவி தொடர முடியாமற்போன காலத்தின் நினைவா இது? அன்றி இசைத்துக் காட்டினால் யாழிலும் அப்பதிகம் அடங்குமா? ஆம் என்றாலும் அன்று என்றாலும் தமிழிசை வரலாற்றில் ஒரு பக்கம் புதிதாக எழுதப்படும்.

நான்காவது, யாழின் மக்கள். கருவியை மட்டும் எண்ணுவோர் அதனைத் தோளில் தூக்கியவனை மறந்துவிடுகின்றனர். வேந்தர் எதிர்கொண்டு விருந்தளித்த பாணன், பிற்காலத்தில் தாழ்ந்தவனென ஒதுக்கப்பட்டான். யாழ்ப்பாணரைத் திருநீலநக்கர் மகிழ்ந்து தம் வீட்டிற்குள் இருத்திய செய்தியையோ பெரியபுராணம் உரைக்கிறது. திருமுறைக்குப் பண் வகுக்க ஆள் தேடியபோது, அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே எருக்கத்தம்புலியூரில் கிடைத்தாள் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. குடியைத் தாழ்த்தியவர்கள் அக்குடியின் அறிவை இழந்தனர். யாழைக் கொன்றதில் அயலார் பங்கு எவ்வளவு, சாதி வகுத்த தமிழர் பங்கு எவ்வளவு? கல்வெட்டுகளில் வரும் இசையாளர் பெயர்களையும் அவர் பெற்ற நிலத்தையும் நெல்லையும் காலவரிசைப்படுத்தினால் விடை வெளிப்படும். இவ்வினா கசக்கும். கசப்புக்கு அஞ்சுவோர் வேறு பொருள் தேடுக.

பட்டமா? பண்ணா?

அண்மை ஆண்டுகளில் சென்னையில் கைவினை இளைஞர் யாழைப் புதிதாகச் செய்து இசைத்துக் காட்டத் தொடங்கியுள்ளனர். எந்தத் துறையும் அவர்க்குத் தலைப்பு வகுத்துத் தரவில்லை. அவர் செய்த யாழ் கழகக் காலத்து யாழோடு எவ்வளவு ஒக்கும் என்பது ஆய்வுக்குரியதே. ஆனால் ஆய்வதற்கு இப்போது ஒரு பொருள் கையில் இருக்கிறதே! இதுவே பெரிது. பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கது யாது? அப்பட்டறைகளின் வாயிலுக்குத் தமிழ் மாணவரையும் இசை மாணவரையும் இயற்பியல் மாணவரையும் ஒருங்கே அனுப்புவதே. ஏட்டோடு கருவியும், கருவியோடு இசைப்பதிவும் தந்தாலன்றி யாழாய்வுக்குப் பட்டமில்லை என்று ஒரு விதி வகுக்கட்டும். அன்றோடு எண்ணிக்கை ஏடுகள் தாமே நிற்கும்.

நெறியாளர்க்கும் ஒரு சொல். மாணவன் கடினமான வினாவோடு வரும்போது, விரைவில் முடியும் பொருளை எடு என்று அறிவுரை கூறுவது அன்பு போல் தோன்றும். அஃது அவன் இளமையின் ஐந்தாண்டுகளை விழலுக்கு இறைப்பதாகும். முடிவு தெரியாத பொருளில் தோற்றவனும் அடுத்தவனுக்கு ஒரு வழியை அடைத்துக் காட்டிச் செல்கிறான். முடிவு தெரிந்த பொருளில் வென்றவன் எவருக்கும் எதனையும் காட்டுவதில்லை.

இளைஞரே! யாழைத் தலைப்பாக எடுக்குமுன் உம்மையே மூன்று வினா வினவுக. இவ்வாய்வின் முடிவு எனக்கு முன்பே தெரியுமா? தெரியுமெனில் விடுக. இதனை மறுக்க ஒருவர்க்கு இடமுண்டா? இல்லையெனில் விடுக. இதனால் யாழின் ஒரு நரம்பேனும் ஒலிக்குமா? ஒலிக்குமெனில் எத்தடை வரினும் விடாது பற்றுக. யாழின் புகழை எழுதக் கைகள் பல உள. நரம்பைக் கட்டும் கைகளே இன்று தமிழுக்குத் தேவை!